ரோபோவின் கை, மருத்துவரின் பொறுப்பு



பட்டமளிப்பு விழா மேடையில் ஏறுகிறவர்கள் உலகையே அளந்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் சிறுநீரகவியல் அறுவை மருத்துவன். இன்று மருத்துவர்களாகப் பட்டம் பெறும் உங்களிடம், எனக்குத் தெரிந்த அந்தத் துறையைத் தாண்டிப் பேசப் போவதாக இல்லை.

புராஸ்டேட், சிறுநீரகம், சிறுநீர்ப்பை என்று புற்றுநோயோடு வருகிறவர்கள் பலர் இன்று உட்காரும்போதே, "ரோபோ இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி என்ற ரோபோ இயந்திரம் எங்கள் துறையையே மாற்றிப் போட்டது. அதைக் கொண்டு புராஸ்டேட்டை அகற்றும் முறையை டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் வகுத்து வளர்த்த மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். 2022-இல் இந்த வசதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கும் வந்துவிட்டது.

ஆனால் ரோபோ தானாக ஓர் இழையைக்கூட வெட்டாது. சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் அகற்றும் அறுவையைப் பாருங்கள். மருத்துவர் நோயாளியைத் தொடாமல், சற்றுத் தள்ளி, ரோபோவை இயக்கும் மேசையான கன்சோலில் உட்கார்ந்திருப்பார். சிறுநீரகத் தமனியில் கவ்வியான கிளாம்ப்பைப் போட்டதும் ரத்த ஓட்டம் நிற்கும். கடிகாரம் ஓடத் தொடங்கும். சுமார் 25 நிமிடங்களுக்குள் கட்டியை வெட்டி எடுத்து, தையல் போட்டு, கிளாம்ப்பை எடுத்துவிடப் பார்ப்போம். புழக்கத்தில் உள்ள பெரும்பாலான இயந்திரங்களில் தொடு உணர்வு கிடையாது. நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத் திசு வெளிறுவதைப் பார்த்தே கணிக்க வேண்டும். இயந்திரம் பெரிதாக்கிக் காட்டும். கை நடுக்கத்தை வடிகட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லித் தராது.

அந்த அறிவு எங்கிருந்து வந்தது? புராஸ்டேட்டை அகற்றினால் ஆண்மை போய்விடும் என்பதே ஒரு காலத்தில் பெரும்பாலானோரின் கதி. 1981-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ், ஓய்வு பெற்றிருந்த பேராசிரியர் பீட்டர் டோங்கரை நெதர்லாந்தின் லைடனில் சந்தித்தார். இறந்து பிறந்த சிசுவின் உடலில் டோங்கர் நரம்புகளைப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். விறைப்புக்குரிய நரம்புகள் புராஸ்டேட்டின் உறைக்கு வெளியே ஓடுவதை இருவரும் கண்டார்கள். மறு ஆண்டே அவற்றைக் காப்பாற்றும் அறுவையை வால்ஷ் செய்தார். ரோபோ வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு! இன்று கன்சோலில் உட்காருகிறவர் தேடுவதும் அதே நரம்புகளைத்தான். ஆகவே உடற்கூறியலைத் தேர்வோடு மூட்டை கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது நேர்மை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் ஒப்பிட்டார்கள். ரோபோவில் ரத்தச் சேதம் குறைவு. மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவு. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத் திறனிலும் 24 மாதங்கள் கழித்தும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு பாதியையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் அது விளம்பரம். வயலை அடகு வைத்துப் பணம் புரட்டுகிற குடும்பத்துக்கு இரண்டாவது பாதி இன்னும் முக்கியம்.

கடைசியாக, இயந்திரம் இருக்கிறது என்பதற்காக அறுவை செய்யாதீர்கள். பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில், புராஸ்டேட்டைத் தாண்டிப் பரவாத புற்றுநோய் கொண்ட 1,643 பேரில் சிலருக்கு அறுவை, சிலருக்குக் கதிர்வீச்சு, சிலருக்கு முதலில் கண்காணிப்பு மட்டும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான். எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்று பிரித்தறியத்தான் உங்களுக்கு இந்தப் பட்டம்.

நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் எத்தனையோ இயந்திரங்கள் வரும். ஒவ்வொன்றையும் ஆசையோடு கற்றுக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் நோயாளிகள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு, கணக்கு எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை அடுத்த நோயாளியிடம் மறைக்காமல் சொல்கிறவரே நல்ல மருத்துவர்.