ஆறு சிலிண்டர், ஒரு மூடி



வடசென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும் எண்ணூரையும் சேர்ந்த இரண்டு தொழிற்சாலைகள் எஞ்சின் கலையின் இரு எல்லைகளை நமக்குக் காட்டின. திருவொற்றியூரில், மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்தாரும் 1955-இல் கூட்டாகத் தொடங்கிய என்பீல்டு இந்தியா, புல்லட் என்னும் மோட்டார் சைக்கிளைச் செய்தது. எண்ணூரில், 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பிற்று. பின்னர் லேலண்ட் காமெட் லாரிகளை மேற்கொண்டு, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிற்று.

இரு வண்டிகளுக்கும் 350 என்ற எண் உண்டு. ஆனால் புல்லட்டின் 350 கன சென்டிமீட்டர். காமெட்டின் 350 கன அங்குலம். ஒரு கன அங்குலம் ஏறக்குறைய 16.4 கன சென்டிமீட்டர். ஆதலால் காமெட் எஞ்சினின் கொள்ளளவு மற்றதைப் போல் ஏறத்தாழப் பதினாறு மடங்கு. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் விடைத்தாளில் எழுதும் மாணவர்கள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

புல்லட்டில் ஒரே சிலிண்டர். காமெட்டில் ஆறு, ஒரே வரிசையில். ஏன் ஆறு வேண்டும்?

நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடித்துத் தள்ளும். அதாவது 720 பாகைக்கு ஒரு தள்ளு. மற்ற நேரமெல்லாம் கனத்த சக்கரம் ஒன்று வண்டியை இழுத்துச் செல்கிறது. புல்லட்டின் 'தட், தட்' என்ற ஓசையின் இரகசியம் அதுவே. நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஒரு தள்ளு வரும். ஒன்று ஓயும்போதுதான் அடுத்தது தொடங்கும். ஆறு இருந்தாலோ 120 பாகைக்கு ஒன்று. ஒரு தள்ளு ஓயுமுன்னரே மற்றொன்று தோள் கொடுக்கிறது. ஒரே உரலில் இரு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் இலாபம் விளங்கும்.

இன்னொரு நன்மை நுட்பமானது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது, இணைப்புத் தண்டு சாய்வதன் காரணமாக, பாதையின் மேற்பாதியைக் கீழ்ப்பாதியைவிட விரைவாகக் கடக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் ஏற, இரண்டு இறங்கினாலும், இந்த வேக வேறுபாட்டால் கணக்கு நேராகாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஓர் அதிர்வு எஞ்சிவிடும். வரிசை ஆறிலோ அந்த மிச்சமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. எஞ்சின்களுள் அமைதியானது வரிசை ஆறு என்று நிபுணர் சொல்வது இதனால்தான்.

ஆனால் அது நீளமானது. லாரிக்கு நீளம் பொருட்டன்று. முன் சக்கரங்களை ஓட்டும் சிறிய காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, அதன் பக்கத்திலேயே கியர்ப் பெட்டியையும் வைக்க வேண்டும். ஆறு சிலிண்டர் வரிசைக்கு அங்கே இடம் ஏது? மூன்று மூன்றாகப் பிரித்து, 60 அல்லது 90 பாகை விரித்து 'வி' வடிவில் அமைக்கலாம். நீளம் குறையும், அகலம் கூடும். சிலிண்டர்களின் மேல்மூடி இரண்டு, அதன் அடியில் வைக்கும் கேஸ்கெட் இரண்டு, புகை வெளியேறும் வழி இரு பக்கமும் என்று செலவும் கூடும்.

இவ்விரண்டிற்கும் நடுவழி ஒன்று உண்டு. ஒரே பெஞ்சில் ஆறு பையன்கள் நெருக்கியடித்து உட்கார இயலாதபோது, ஒருவன் சற்று முன்னும் அடுத்தவன் சற்றுப் பின்னுமாகத் தாமே சரிசெய்துகொள்வதை எந்த வகுப்பிலும் காணலாம். குறுங்கோண எஞ்சின் செய்வதும் இதுவே. ஆறு நாணயங்களை எடுத்து நேர் வரிசையில் அடுக்குங்கள். நீளம் ஆறு விட்டம். இனி அடுத்தடுத்த நாணயங்கள் தொட்டபடியே இருக்க, ஒன்றுவிட்டு ஒன்றை விட்டத்தில் பத்தில் ஆறு பங்கு பக்கவாட்டில் நகர்த்துங்கள். நீளம் ஐந்து விட்டமாகிவிடும். இது பிதாகரஸ் தேற்றத்தின் 3, 4, 5 முக்கோணமே, போட்டுப் பாருங்கள்.

இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-இல் வெளியிட்ட லாம்ப்டா காரில் நான்கு சிலிண்டர்களை இவ்வாறு அமைத்தது. ஆறு சிலிண்டரில் இதைப் பெருவழக்காக்கியது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன். 1991-இல் பஸாட், கொராடோ கார்களில் வந்த அந்த 'வி.ஆர். ஆறு' எஞ்சினில் கோணம் 15 பாகைதான். 'ஆர்' என்பது வரிசையைக் குறிக்கும் 'ரைஹே' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. கோணம் சிறிதாதலால் ஆறுக்கும் ஒரே மூடி போதும். கிராங்க் தண்டின் முளைகளைச் சற்றே நகர்த்தி, 120 பாகைக்கு ஒரு தள்ளு என்ற ஒழுங்கையும் காத்துக்கொண்டனர்.

இதற்கு விலையும் உண்டு. மூடியின் ஒரு பக்கத்தில் காற்று நுழைகிறது, மறுபக்கத்தில் புகை வெளியேறுகிறது. ஆகவே ஒரு வரிசைக்கு நுழைவழி குறுகியும் மற்றதற்கு நெடியும் அமைந்துவிடும். சிலிண்டர்கள் மூடியை நேர்குத்தாகச் சந்திப்பதில்லை. அதனால் பிஸ்டனின் தலையையே சரிவாகச் செய்ய வேண்டியதாயிற்று. வரிசை ஆறின் பூரண அமைதியும் இதில் முழுதாகக் கிட்டாது, கிட்டத்தட்டக் கிட்டும். என் எண்ணத்தில், இடத்துக்காகக் கொடுத்த அந்த விலை அதிகமன்று.

ஆயினும் இன்று இதன் இடத்தை டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் விற்கும் அட்லஸ் கார் 2024-ஆம் ஆண்டு மாதிரியில் அவ்வாறே மாறிற்று. வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தி ஊட்டினால், சிறிய எஞ்சினே பெரியதன் ஆற்றலைத் தருகிறது. நான்கின் பழைய அதிர்வை அடக்க, கிராங்க் தண்டைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும் சமன் தண்டுகளைப் பல எஞ்சின்களில் சேர்க்கின்றனர். ஏன் இரு மடங்கு என்பதை, முன்னே சொன்ன அதிர்வை நினைத்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறும் கார்களில் பெரும்பாலானவை மூன்று அல்லது நான்கு சிலிண்டர் கொண்டவை. கனரக லாரிகளிலோ வரிசை ஆறு இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கே நீளத்துக்கு இடமுண்டு; பழுது பார்ப்பவர் ஒரு பக்கம் நின்றபடியே ஆறு சிலிண்டர்களையும் வரிசையாகக் கழற்றி மாட்டலாம்.