ஈறும் இதயமும்



தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, மாணவன் ஒருவன் எந்நேரமும் வாயைச் சிறிது திறந்தபடியே அமர்ந்திருப்பான். “வாயை மூடு” என்று பலமுறை அவனைக் கடிந்திருக்கிறேன். அது அவன் குற்றமன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். என் அறியாமை உங்களுக்கு வரலாகாது என்றே இன்று பேச வந்தேன்.

அவனுக்கு இருந்தது டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை. ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866-இல் இதனை விவரித்தார். காரணத்தை 1959-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களாகிய லெஜூன், கோட்டியே, டர்பின் ஆகியோர் வெளியிட்டனர். நம் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இந்நிலை உடையோரில் பெரும்பாலோருக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்து, மொத்தம் 47 ஆகிறது. இது தொற்று நோயன்று. பெற்றோர் செய்த பிழையுமன்று.

மிகையான அந்த ஒன்றின் விளைவு உடல் முழுவதிலும் தெரிகிறது. தசைகள் தளர்ந்திருக்கும். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். தைராய்டு சுரப்புக் குறைவும் செவிக்குறையும் உண்டு. வாயறை சிறிதாதலால் நாக்கு பெரிதாகத் தோன்றும். மூக்கின் வழி குறுகியிருப்பதால் பலர் வாயால் மூச்சு விடுவர். அம்மாணவன் வாயைத் திறந்திருந்ததன் காரணம் இப்பொழுது விளங்குகிறதன்றோ?

பற்கள் காலந்தாழ்ந்து முளைக்கும், சில முளைப்பதேயில்லை. பலரிடம் சொத்தை குறைவு. ஆனால் ஈறு நோய் இளமையிலேயே தோன்றி விரைந்து முற்றும். புண்பட்ட ஈற்றின் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்து, குறையுள்ள இதயத்தைத் தாக்கவுங்கூடும். ஆகவே, பல் துலக்குவது இவர்களுக்கு வெறும் தூய்மை மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும். காலையும் இரவும் பெரியவர் ஒருவர் உடனிருந்து, மென்மையான பிரஷ்ஷால் துலக்க உதவுதல் வேண்டும். குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள் பல் மருத்துவரிடம் காட்டி, இதயக் குறை இருப்பின் அதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1983-இல் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 ஆண்டுகளே. இன்று அது 60-ஐ எட்டியுள்ளது. இதய அறுவை மருத்துவமும் இடைவிடாத பராமரிப்பும் தந்த பயன் இது. நமக்கருகில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் ஒன்று 2005-இல் தொடங்கப்பட்டுப் பயிற்சியும் சிகிச்சையும் அளித்து வருகிறது.

மாணவர்களே! உங்கள் தெருவிலோ வகுப்பிலோ இத்தகைய ஒருவனைக் கண்டால், அருகில் அமர்ந்து அவனோடு பேசுங்கள். மூட வேண்டிய வாய் அவனுடையதன்று. அவனைக் கேலி பேசும் வாயே.