கொட்டியாரக் குடாவுக்குப் போன பயணம்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

நாங்கள் சாதாரண தரம் படித்த ஆண்டில் திருகோணமலைச் சுற்றுலாவுக்குக் காசு கட்டியிருந்தோம். யுத்தத்தால் அந்தப் பயணம் நின்றுபோனது. பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகு, எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் ஒரு வானில் அந்தப் பயணத்தைப் போய்வந்தோம்.

சுபஹு நேரத்தில் கல்முனையில் புறப்பட்டு மட்டக்களப்பு, வாழைச்சேனை, வாகரை, வெருகல் கடந்து மூதூரில் இறங்கினோம். முன்பு படகுப்பாதைக்குக் காத்திருந்து கடந்த ஆறுகளில் இன்று பாலங்கள். அவற்றிற் சில பிரான்ஸ் நாட்டின் கடனுதவியால் கட்டப்பட்டவை.

பிரெஞ்சுக்காரர் முதலில் வந்தது பீரங்கிகளோடு. 1672இல் தெ லா ஹே தம் கப்பல்களுடன் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார். ஒல்லாந்தரை விரட்டத் துணை தேடிய கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவரை வரவேற்றான். சில மாதங்களில் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். 110 ஆண்டுகளின் பின், 1782இல், தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். சமாதானம் வந்ததும் அது மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போனது.

கோட்டை பிடித்தவர்கள் போய்விட்டார்கள். 1672இல் கண்டிக்குத் தூது சென்ற லனரோல் மட்டும் மன்னனால் தடுத்து வைக்கப்பட்டு இங்கேயே தங்கினார். அந்தப் பெயருடைய குடும்பங்கள் இன்றும் இலங்கையில் உண்டு.

மூதூர்க் கரையில் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "கப்பல் வந்த கதையெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. அண்டைக்கு இந்தக் கரையில இருந்த பொம்புளைகள் என்ன செய்தாங்க எண்டு எங்கயும் இருக்கா, புள்ள?"

எங்களிடம் பதில் இல்லை. எங்கள் சுற்றுலா நின்றதும்கூட எங்கேயும் பதியப்படவில்லை. வீதி மூடிய நாட்கள், இடம்பெயர்ந்து வந்து நம் வாங்கில் நெருங்கி உட்கார்ந்த பிள்ளைகள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன தோழியர், இவையெல்லாம் நம் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. நமக்கும் வயது போகிறது.

சகோதரிகளே, அதிபர்களின் பெயர்கள் பாடசாலைச் சுவரில் உள்ளன. நம் கதையை நாம்தான் எழுத வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் ஆளுக்கொரு பக்கம் எழுதி நம் நூலகத்துக்கு அனுப்புங்கள். வீடு திரும்பிய வாரமே எங்கள் ஒன்பது பக்கங்களையும் ஒப்படைத்துவிட்டோம். சுற்றுலாக் காசை எண்ணித் திருப்பித் தந்தபோது கண்கலங்கிய வகுப்பு டீச்சரோடு முதற்பக்கம் தொடங்குகிறது.