குகையில் கழிந்த மூன்று இரவுகள்

 

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில் நம் இல்லங்கள் எப்படி இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தவறவிட்ட ஒரு வினாவை நினைத்து, "அப்படி எழுதியிருந்தால்..." என்று பிள்ளை மருகுகின்றான். பல்கலைக்கழக அனுமதி கிடைக்குமா என்று தந்தை தூக்கமின்றிப் புரளுகின்றார். ஒரே வீட்டில் ஒருவர் நேற்றிலும் மற்றவர் நாளையிலும் குடியிருக்க, இன்றைய தினம் ஆளில்லாமல் கழிந்து போகின்றது.

தவக்குல் என்றால் என்ன என்பதை ஹிஜ்ரத்தில் காணலாம். கி.பி. 622இல் நிகழ்ந்த அப்பயணத்திற்காக அபூபக்ர் (ரழி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் இலை கொடுத்து வளர்த்து வந்ததை ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. பாதை நன்கறிந்த ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் முஸ்லிம் அல்லர். மதீனா வடக்கே இருக்க, நபி (ஸல்) அவர்களும் தோழரும் தெற்கேயுள்ள தவ்ர் குகைக்குச் சென்றார்கள். இத்தனை ஏற்பாடும் நம்பிக்கைக் குறைவினாலா? இல்லை. ஒட்டகத்துக்கு இலை போட்ட அந்த நான்கு மாதங்களும் தவக்குலே.

பின்னர் குகையில் மூன்று இரவுகள். தேடி வந்தோரின் பாதங்கள் தலைக்கு மேலே தெரிந்தன. அவர்கள் குனிந்தால் கண்டுவிடுவார்களே என்று தோழர் கலங்கியபோது, நம் இருவருடன் மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கின்றான் என்னும் கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். அந்நேரத்தில் செய்வதற்கு வேறெதுவும் எஞ்சியிருக்கவில்லை.

இளைஞனே! நீ கண்விழித்துப் படித்த இரவுகள் ஒட்டகம் வளர்த்த காலம். இப்போது நீ குகையில் இருக்கின்றாய். 'அப்படிச் செய்திருந்தால்' என்ற சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் எச்சரிக்கை உனக்கும் உரியதே. படிக்காமலே பரீட்சை எழுதிவிட்டு "அல்லாஹ் போதுமானவன்" என்போருக்கு நான் கூறியது பொருந்தாது. அவர்கள் அடுத்த முறைக்கு இன்றே புத்தகத்தைத் திறக்கட்டும். வராத இடத்துக்கு "இன்ஷா அல்லாஹ் வருகிறேன்" என்று சொல்லும் நம் வழக்கத்தைப் போன்றதுதான் அதுவும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை இன்று உங்கள் அருகில் இருக்கின்றான். இஷாவுக்குப் பின் அவனை அழைத்து, பெறுபேற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ஒரே ஸஹனில் அமர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.