கோழிக் குஞ்சின் குடலும் நலந்தரும் நுண்ணுயிர்களும்



வாங்கி வந்த குஞ்சுகள் முதல் வாரத்திலேயே கழிச்சல் கண்டு மடிவது நாம் யாவரும் அறிந்த துன்பம். இதற்குப் பரிகாரமாகப் ‘புரோபயாடிக்’ என்னும் பொடி விற்பனைக்கு வருகிறது. காசு கொடுக்குமுன் அது குடலில் யாது செய்கிறது என்று நாம் அறிதல் நலம்.

தாய்க்கோழி பொரித்த குஞ்சு, தாயோடு மண்ணைக் கிளறி மேய்கையில் நல்ல நுண்ணுயிர்களைத் தானே பெற்றுவிடுகிறது. பொரிப்பகத்து இயந்திரத்தில் பிறந்த குஞ்சோ தாயைக் கண்டதில்லை. அதன் குடல் ஆளில்லா வீடு. முதலில் நுழைவது எதுவோ அதுவே குடியேறும். 1971-ல் பின்லாந்து நாட்டில் இறைச்சிக் கோழிகளிடையே சால்மோனெல்லா கிருமி பரவிற்று. நூர்மி, ரன்டாலா என்னும் ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான சேவலின் குடற்பொருளைக் கரைத்துப் புதுக் குஞ்சுகளுக்குப் புகட்டினர். பின்னர் அக்கிருமியையே கொடுத்துப் பார்த்தபோதும் அவற்றுள் பெரும்பாலானவற்றை அது பற்றவில்லை. 1973-ல் இம்முடிவு வெளியாயிற்று. இதைக் கேட்டு எச்சத்தைக் கரைத்து ஊற்றப் புறப்பட்டுவிட வேண்டாம். இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் உடன் போகும்.

பொடியில் உள்ளவை லாக்டோபாசில்லஸ், பாசில்லஸ் சப்டிலிஸ், ஈஸ்ட் முதலிய உயிர்கள். இவை குடற்சுவரில் தீய கிருமிக்கு இடங்கொடாமல் தடுக்கின்றன. சில, புளிப்பை உண்டாக்கி அதன் பெருக்கத்தைக் குறைக்கின்றன. உயிருள்ளவரைதான் இவ்வேலை நடைபெறும். சூட்டில் தயாராகும் குச்சித் தீவனத்தில் லாக்டோபாசில்லஸ் பெரும்பாலும் மடியும். உறை பூண்டு உறங்கும் பாசில்லஸ் தாங்கும். நோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தும் இவற்றைக் கொல்லக்கூடும். ஆகையால் இரண்டையும் ஒருங்கே கொடுப்பது வீண் செலவு.

இங்கே பஞ்சாயத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நமது மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இடுவது மக்கள் நலனுக்கு இன்றியமையாதது, அதனை நிறுத்தலாகாது. ஆனால் அத்தண்ணீரில் பொடியைக் கலந்தால் நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். கிணற்று நீர் சுத்தமாயிருப்பின் அதனைக் கொள்ளலாம். இன்றேல், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, பின்னர் கலக்கலாம். கலந்த நீரைச் சில மணி நேரத்தில் குடிக்கும் அளவே தயாரிக்க வேண்டும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு இது மருந்தன்று. அந்நோய் வைரஸால் வருவது. தடுப்பூசி ஒன்றே காப்பு. பொடியை நம்பித் தடுப்பூசியை விட்டால் கொட்டகை முழுவதும் காலியாகும் அபாயம் உண்டு. ஈரக் கூளத்தையும் நெருக்கடியையும் பொடியால் ஈடுசெய்ய இயலாது. சுத்தமான கொட்டகையிலோ இதன் பலன் சொற்பமாகவே தென்படலாம்.

இருப்பினும் இதனை நாம் கருதுவதற்குத் தக்க காரணம் உண்டு. வளர்ச்சிக்கென ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடுத்தது. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்குத் தருவதை நம் நாடு 2019-ல் தடை செய்தது. அவற்றின் இடத்தை நிரப்பத்தான் இந்நுண்ணுயிர்கள் தேடப்படுகின்றன.

ஆகவே, அடுத்த தொகுதிக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பொடி கொடுங்கள். தீவனம், எடை, இறப்பு ஆகியவற்றை இரு பாதிக்கும் தனித்தனியே குறித்து, இரண்டு மூன்று தொகுதிகளின் கணக்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பொடியைத் தொடர்வதா என்று முடிவு செய்யலாம்.