வீடு விற்க விளம்பரம் மட்டும் போதுமா? காஞ்சிபுரம் தறி வீடும் ஆன்லைன் தளங்களும்

இந்த எபிசோடில் வீடு வாங்குவது பற்றி இல்லை, விற்பது பற்றிப் பேசப் போகிறேன். வாங்குறவங்களுக்கு இஎம்ஐ கால்குலேட்டர் இருக்கு, ஏரியா ரிவ்யூ இருக்கு, யூடியூப்ல எக்கச்சக்கமா வீடியோ இருக்கு. விற்கிறவங்களுக்கு? ஒரு ஃபார்ம், அதுக்குக் கீழே ஒரு பட்டன். அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்க. பசங்க ஒரகடம், சென்னை, பெங்களூர்னு வேலைக்குப் போயாச்சு. தறி ஓடாத வீட்டில் வயசானவங்க ரெண்டு பேர் இருப்பாங்க. அந்த வீடுதான் ரெண்டு மூணு தலைமுறையோட மொத்தச் சேமிப்பு. அதை ஒரே ஒரு தடவைதான் விற்க முடியும். விலையில் ஏமாந்தால் திரும்பச் சம்பாதிக்கிற வயசு அவங்களுக்கு இல்லை.

எங்க பெரியப்பா வீட்டை ஒரு தளத்தில் போடுவதற்காக ஃபார்மை நிரப்ப உட்கார்ந்தேன். எத்தனை பெட்ரூம், எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, கார் பார்க்கிங் எத்தனை, இதுதான் கேள்விகள். அந்த வீடு 18 அடி அகலம், 90 அடி நீளம். திண்ணை, ரேழி, ரெண்டு குழித்தறி போட்ட கூடம், முற்றம், பின்கட்டில் கிணறு. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தறிக்கூடத்தை பெட்ரூம்னு எழுதாதடா, பார்க்க வர்றவன் திட்டுவான்" என்றார். கடைசியில் "1 பிஎச்கே" என்று விழுந்தது. தெருவுக்கே நீளமான வீடு, ஆப்பில் ஒரு சின்ன ஃபிளாட் ஆகிவிட்டது.

விளம்பரம் வெளியான முதல் நாள் 11 அழைப்புகள். ஒன்பது பேர் புரோக்கர்கள். ஒருத்தர் கடன் விற்கிறவர், இன்னொருத்தர் இன்டீரியர் செய்பவர். வீடு வாங்க ஒருத்தர்கூட இல்லை. பெரியப்பா ரெண்டே நாளில் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டார்.

ஏன் இப்படி நடக்குது? நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் இது எனக்குப் புதுசாத் தெரியலை. ஒரு தளம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் வளர்க்கும். இந்தியாவில் 99ஏக்கர்ஸ் 2005-ல், மேஜிக்பிரிக்ஸ் 2006-ல், நோபுரோக்கர் 2014-ல் வந்தது. பொதுவாக இந்தத் துறையில் எண்ணப்படுவது விளம்பரங்களும் விசாரிப்புகளும்தான். பத்திரப்பதிவு நடந்ததா என்பது தளத்துக்கு வெளியே, சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிற விஷயம். அதனால் ஃபார்ம் விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: பழைய வீட்டை விற்பவருக்கு முதலில் வேண்டியது விளம்பரம் இல்லை, தயாரிப்பு. காஞ்சிபுரத்தை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதல் விஷயம், யார் யார் கையெழுத்துப் போடணும்? தாத்தா பெயரில் இருக்கிற வீடு, பாகப்பிரிவினை நடக்கலை, அத்தைகள் ரெண்டு பேர் கல்யாணமாகி ஆரணியில் இருக்காங்க. தமிழ்நாடு 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று சட்டத்தைத் திருத்திவிட்டது. மத்திய சட்டத்தில் அது 2005-ல் வந்தது. தாத்தா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போயிருந்தாலும் மகள்களுக்குப் பங்கு உண்டு. அட்வான்ஸ் வாங்கின பிறகு வாங்குறவரோட வக்கீல் வாரிசுச் சான்றிதழைக் கேட்கும்போதுதான் இது வெளியே வரும். அப்புறம் விலை குறையும், இல்லாட்டி வியாபாரமே நின்றுபோகும்.

இரண்டாவது, மண் யாருடையது? கோயில் ஊர் என்பதால் அடிமனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு என்கிற வீடுகள் உண்டு. 1959-ம் ஆண்டு அறநிலையத் துறை சட்டப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவு செய்யவே தடை போடுகிறது. மனை யாருடையது என்று ஃபார்ம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை பேரோட அலைச்சல் மிச்சம்!

மூன்றாவது, நினைவுச் சின்னங்கள். கைலாசநாதர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இப்படிப் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுது பார்க்கவே அனுமதி வாங்கணும். அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். சென்னையிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் வீட்டை இடித்துவிட்டுக் கட்டும் எண்ணத்தில்தான் வருவார். இது தெரிந்ததும் பின்வாங்குவார். ஒரு மேப்பில் 100 மீட்டர், 300 மீட்டர் வட்டம் போடுவது ஒரு டெவலப்பருக்கு ஒரு மதிய வேலை.

இப்போ விலைக்கு வருவோம். பெரியப்பா மாதிரி ஆட்களிடம் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால், பக்கத்துத் தெருவில் யாரோ சொன்ன தொகையைச் சொல்வாங்க. அரசு வழிகாட்டி மதிப்பு ஆன்லைனில் இருக்கு. ஆனால் அது சந்தை விலை இல்லை. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு வில்லங்கச் சான்றில் கைமாற்றுத் தொகை இருக்கும். பலரும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதுவதால் அதுவும் முழு உண்மை சொல்லாது. இங்கிலாந்தில் விற்ற விலையை நிலப்பதிவுத் துறையே வெளியிடுகிறது. நமக்கு அது இல்லாததால் தெருவில் அஞ்சாறு வியாபாரம் முடித்த உள்ளூர் புரோக்கரின் நினைவுதான் நம்ம டேட்டாபேஸ்.

அதனால்தான் புரோக்கரை ஒழிப்பதே நல்ல சேவை என்கிற பேச்சை நான் ஏற்கவில்லை. அடிமனை எங்கே, எந்தத் தெருவில் லாரி நுழையாது என்பது அவருக்குத் தெரியும். பிரிட்டனில் பர்ப்பிள்பிரிக்ஸ் என்ற கம்பெனி 2014-ல் வந்தது. கமிஷன் கிடையாது, ஒரே கட்டணம், அதுவும் வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணும் என்பதுதான் அதன் ஆரம்ப மாடல். ஒரு காலத்தில் 100 கோடி பவுண்டுக்கு மேல் மதிப்பு போன அந்தக் கம்பெனி 2023-ல் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அதுக்குக் காரணங்கள் பல. ஆனால் பணம் முன்கூட்டியே வந்துவிட்டால், வீட்டை விற்றுக் கொடுக்கும் அவசரம் யாருக்கு இருக்கும்?

சரி, நான் ஒரு தளம் கட்டினால் எப்படிக் கட்டுவேன்?

போட்டோவுக்கு முன்னாடி பத்திரம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேடு, வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது, இந்த ஐந்துக்கும் எது தயார், எது பாக்கி என்று காட்டும் ஒரு பக்கம்.

விற்பவரின் நம்பர் யாருக்கும் தெரியக் கூடாது. டாக்ஸி ஆப்பில் டிரைவருக்கு நம்ம நம்பர் தெரியாமலே பேசுகிறோம் இல்லையா, அதே வழி. மாலை அஞ்சு மணிக்கு மேல்தான் அழைக்கலாம் என்றால் அதுக்கும் ஒரு செட்டிங்.

விலைக்குப் பக்கத்தில் கைக்கு வரும் தொகை. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் பொதுவாக வாங்குறவர் செலவு. ஆனால் மூலதன ஆதாய வரி விற்பவருடையது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர் 12.5 சதவீதம், இல்லையென்றால் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், இதில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரலுக்கு முன் வந்த வீட்டுக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே அடக்க விலையாக வைக்கலாம். அதுக்கு ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கிவைப்பது நல்லது. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலை போனால் வாங்குறவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். இதெல்லாம் போக அத்தைகளின் பங்கும் போக, பெரியப்பா கைக்கு எவ்வளவு? அதுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய எண்.

கடைசியாகக் கட்டணம். பத்திரம் பதிவான நாளில் மட்டும் வாங்கணும், அதில் உள்ளூர் புரோக்கருக்கும் பங்கு.

இதில் எதுவுமே பெரிய தொழில்நுட்பம் இல்லை. அப்படி ஒரு தளம் வரும்வரை ஒரு வேலையை நீங்களே செய்யலாம். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டை விற்கிற எண்ணம் இல்லாட்டியும், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பீரோவில் இருக்கிற பத்திரங்களை எடுத்துப் பாருங்க. யார் பெயரில் இருக்கு, பட்டா மாறியிருக்கா, அத்தைகிட்டே பேசியாச்சா என்று ஒரு தாளில் எழுதி வையுங்க. அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால், அந்த ஒரு தாள் விலை பேசும்போது உங்க பக்கம் நிற்கும்.

உங்க ஊரில் வீடு விற்ற அனுபவம் இருந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.