கம்பெனி பேரை அடிச்சா நம்ம பாக்கியும் அடிபட்டுப் போகுமா?



வேடசந்தூர், ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒப்பந்தத்துக்கு வெள்ளரி போட்டவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. விதையும் மருந்தும் கம்பெனி கொடுத்தது. காயை எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனது. பணம் மட்டும் வரலை. போய்க் கேட்டால், "கம்பெனியையே ரத்து பண்ணிட்டாங்க, இனி யாரைக் கேப்பீங்க?" என்கிறார் ஏஜெண்டு. நாமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு வீடு திரும்புறோம்.

அந்தப் பேச்சை நம்பாதீங்க.

2013 கம்பெனிச் சட்டம் 248-வது பிரிவின்படி, தொடர்ந்து இரண்டு நிதியாண்டு தொழில் நடத்தாத கம்பெனியின் பேரைப் பதிவாளர் பதிவேட்டிலிருந்து அடிக்கலாம். 2017-ல் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை இப்படித்தான் அடித்தார்கள்; அவற்றின் வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். ஆனால் பேர் அடிபட்டாலும் கடன் அடிபடாது. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்கும், வர வேண்டியதை வசூலிப்பதற்கும் கம்பெனி இருப்பதாகவே 250-வது பிரிவு வைத்துக்கொள்கிறது. இயக்குநர்களுக்கு என்ன பொறுப்பு இருந்ததோ, அதுவும் தொடரும்.

இன்னொன்றும் உண்டு. காயைக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கிற நாமும் சட்டத்தின் கண்ணில் கடன்காரருக்குக் கடன் கொடுத்தவர்தான். அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 20 வருஷத்துக்குள், அந்தப் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 252-வது பிரிவின்படி நாமே தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். பேர் அடிபடாமலே இருந்திருந்தால் எப்படியோ, கூடுமானவரை அந்த நிலைக்கே எல்லோரையும் கொண்டுவரத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அப்போது நம்ம ஒப்பந்தமும் எழுந்து நிற்கும்.

ஆனால் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய முன்பணம் நம்ம பேரில் நின்றால், அதைக் கேட்கும் உரிமை கம்பெனிக்கும் உண்டு. "கம்பெனிதான் போச்சே" என்று நாமும் இருந்துவிட முடியாது.

20 வருஷம் இருக்கே என்று அசந்தும் விடாதீங்க. விற்ற காய்க்குப் பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 வருஷம்தான் கெடு. எடைச்சீட்டு, ஒப்பந்த நகல், பாஸ்புக் எல்லாவற்றையும் பத்திரமா வையுங்க. கையெழுத்துப் போடும் முன்னாடியே கம்பெனியின் 21 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்க. பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில், படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

நாமே பங்கு போட்டு நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கும் இதே சட்டம்தான். வருஷக் கணக்கைத் தாக்கல் பண்ணாமல் விட்டால் நம்ம பேரும் அடிபடலாம்.

சரி, அநியாயம் எங்கே இருக்கிறது? பேரை அடிக்கும் முன்பு, ஆட்சேபணை சொல்ல 30 நாள் கொடுத்து அறிவிப்பு போடுகிறார்கள். அது அரசிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கிற ஊர்ப் பத்திரிகையிலும் வரும். அலுவலகம் பெங்களூரில் என்றால் அறிவிப்பு கன்னடத்தில்! அய்யலூர் விவசாயி அதை எப்படிப் பார்ப்பான்? தமிழ்நாட்டுக் கம்பெனி என்றாலும் தீர்ப்பாயம் இருப்பது சென்னையில். பஸ் காசுக்கே பாதிப் பாக்கி போய்விடும்.

அதனால்தான் கேட்கிறோம்:

ஒப்பந்தச் சாகுபடி நடக்கிற ஊராட்சிகளில் இந்த அறிவிப்பைத் தமிழில் ஒட்ட வேண்டும்!

விவசாயிகள் பாக்கியைத் தீர்க்காமல் எந்தக் கம்பெனியின் பேரையும் அடிக்கக் கூடாது!

தீர்ப்பாயம் போக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் வேண்டும்!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று, எடைச்சீட்டோடு கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாங்க. தனியாப் போனால் விரட்டுவாங்க. சேர்ந்து போனால் நாற்காலி போடுவாங்க!